வியாழக்கிழமைக் குச்சி

என் மச்சான் வைசாகேயின் மூக்கு வாரத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. மூக்கு மட்டும்தான். அவன் வாசல்படி இறங்கவே இரண்டு ஆள் வேண்டும். சர்க்கரை நோய் முதலில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது, பிறகு சிறுநீரகம் இரண்டையும். செவ்வாயும் சனியும் டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்தால்தான் அடுத்த மூன்று நாள் அவனுக்கு உண்டு.

நோய் பரவத் தொடங்கியதும் மையத்தில் ஒரு விதி போட்டார்கள். வியாழக்கிழமை வீட்டில் வைத்து எடுத்த மாதிரியில் நோய் இல்லை என்று வந்தால்தான் சனிக்கிழமை நாற்காலி. அந்தத் தாள் இல்லாவிட்டால் வாசலோடு சரி. ஒரே அறையில் எட்டு நாற்காலி, எட்டிலும் வைசாகே மாதிரி ஆட்கள். விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வியாழக்கிழமைக் குச்சியை எடுக்கப் போகும் வண்டியில் நானும் போனேன். சுவா கப்பல்துறையில் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கியவன் நான். கப்பல் வரத்து குறைந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுகாதார நிலையத்தில் ஐஸ்பெட்டி தூக்க ஆள் கேட்டார்கள், போய் நின்றேன். இரண்டாம் வாரம் லேபிள் எழுதுகிற பெண்ணுக்கே நோய் வந்துவிட்டது. நர்ஸ் ரோஷிலா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்பேலி, எழுதத் தெரியுமா?"

"பெரிய எழுத்துல மட்டும், சிஸ்டர்."

"எத்தனாவது வரைக்கும் படிச்ச?"

"நாப்பத்துமூணு வயசுல ஆரம்பிச்சேன். என் மகளோட பழைய புஸ்தகம்."

பேனாவை நீட்டினாள். நான் எழுதிய முதல் லேபிளைப் பார்த்துவிட்டு, "சரக்குப் பெட்டி மேல அடிக்கிற எழுத்து மாதிரி இருக்கு. பரவாயில்ல, லேப்ல கண்ணாடி போடாம படிப்பாங்க" என்றாள்.

வேலை இதுதான். பெயர், பிறந்த தேதி, எடுத்த நாள், எடுத்த மணி. ரோஷிலா குச்சியை மூக்கில் விட்டுப் பத்து எண்ணுவாள். குழாய்க்குள் வைத்துக் குச்சியை ஒடிப்பாள். நான் லேபிளை ஒட்டி, பையில் போட்டு, ஐஸ்பெட்டியில் வைப்பேன். போகிற இடத்தில் எதுவும் குடிக்கக் கூடாது, தின்னக் கூடாது, முகக்கவசம் மூக்கை விட்டு இறங்கக் கூடாது. தினமும் காலையில் வண்டி கிளம்பும்போது ரோஷிலா இதை மந்திரம் மாதிரி சொல்லுவாள். திங்கள்தோறும் எங்கள் மூக்கிலும் குச்சி போகும்.

வைசாகேயின் மனைவி உனைசி என் கூடப் பிறந்த தங்கை. அவளுக்குப் பன்னிரண்டு வயதான பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை எதுவும் இல்லை. எங்கள் பக்கம் அண்ணனும் தங்கையும் அப்படித்தான் இருப்பார்கள், அது மரியாதை. அவளுக்கு நான் சொல்ல வேண்டியதும் எனக்கு அவள் சொல்ல வேண்டியதும் வைசாகே வழியாகத்தான் போய் வரும். அவனோ ஒன்று சொன்னால் ஒன்பது சேர்ப்பான். மச்சானும் மச்சானும் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணாவிட்டால்தான் எங்கள் ஊரில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

அந்த ஜூலை மாதம் ரேவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வுனிமாங்கோ என்ற ஊரில் காய்ச்சல் என்று தகவல் வந்தது. திங்கட்கிழமை போனோம். வண்டி நேரே ஊர் நடுவில் இருக்கும் புல்வெளி வரைக்கும் ஏறிப் போய் நின்றது. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ரோஷிலா ஒலிபெருக்கியில் பேசினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வரும்போது வண்டியில் பொரிந்து தள்ளினாள். "இவங்களுக்காகத்தானே வர்றோம்? கதவைத் தெறந்தா என்னவாம்?"

"நாம யாருன்னே சொல்லலையே, சிஸ்டர். அனுமதி கேட்டு யங்கோனா வேர் வைக்கல."

"மைக்குல அவ்வளவு நேரம் சொன்னேனே!"

"மைக்குல மீன் விக்கிறவனும்தான் சொல்றான்."

"மூக்குல குச்சி விடறதுக்கு வேர் வைக்கணுமா?"

"மூக்குல விடறதுக்கு இல்ல. வாசல்ல கால் வைக்கறதுக்கு."

அவளும் இந்த நாட்டில் பிறந்தவள்தான், தெரியாததில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எண்பது குச்சி கணக்கில் ஓடிக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி போ. நாளைக்கு நீ மட்டும் போய் வேரை வை. அதைக் கரைச்சுக் குடிச்சேன்னு தெரிஞ்சுது, காலை ஒடிச்சுடுவேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை படகில் அக்கரை போனேன். யங்கோனா வேரைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். ஊர்த்தலைவர் நெமானியின் வீட்டுப் பாயில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெமானி அறுபது தாண்டியவர், மெல்லிய குரல். நான் வாசலோரம் உட்கார்ந்து வேரை முன்னால் நகர்த்தி, சுகாதார நிலையம் சார்பில் வந்திருக்கிறோம், நேற்றுச் சொல்லாமல் வந்தது தப்பு, பொறுத்துக்கொண்டு ஊருக்குள் விடுங்கள் என்று முறைப்படி சொன்னேன். அவர் வேரைத் தொட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள்.

வாங்கிய வேரை இடித்துக் கரைத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையாவது சேர்ந்து குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது வழக்கம். ஒரே சிரட்டை, ஒருவர் குடித்துக் கொடுத்ததும் அதிலேயே அடுத்தவருக்கு முகந்து தருவார்கள். நெமானி என் முகத்தைப் பார்த்தார்.

"காலம் சரியில்ல. வாங்கிக்கிட்டோம், அது போதும். குடிக்கறது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். நாளைக்கு வாங்க, கதவெல்லாம் தெறந்திருக்கும்."

அவர் எனக்கு வழி விட்டார். இதை நான் எழுதியே ஆக வேண்டும். எழுந்து போயிருக்கலாம்.

மூலையிலிருந்து லிவாய் என்பவன் குரல் கொடுத்தான். கப்பல்துறையில் கொஞ்ச நாள் என்னோடு மூட்டை தூக்கியவன். "அதான பாத்தேன். இப்ப அவரு ஆஸ்பத்திரி ஆளு. நாமெல்லாம் பூச்சி புடிச்சவங்க. நம்ம சிரட்டை அவரு வாய்க்கு ஆகுமா? பையில மினரல் வாட்டர் கொண்டாந்திருப்பாரு."

சிரிப்பு. நெமானி மட்டும் சிரிக்கவில்லை. "விடு லிவாய்" என்றார்.

"இல்லண்ணே, இவன் அந்தக் காலத்துல அடுத்தவன் சிரட்டையையும் புடுங்கிக் குடிக்கறவன். இப்ப வாய்க்குப் பூட்டு போட்டுட்டு வந்திருக்கான்."

எனக்கு என்ன வந்ததோ. இருபத்தாறு வருடம் எவன் என்ன சொன்னாலும் மூட்டையை இறக்கி வைக்காதவன். "கரைடா பாக்கலாம், எவன் முதல்ல விழறான்னு" என்றேன். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினேன்.

இடித்தார்கள், கரைத்தார்கள். முதலில் நெமானி. அடுத்தது நான். பிறகு லிவாய், மற்ற மூன்று பேர். திரும்ப நெமானி, திரும்ப நான். இரண்டு சுற்று. நாக்கு மரத்துப் போய்ப் படகுத்துறைக்கு வந்தேன். உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

மறுநாள் வுனிமாங்கோவில் எல்லாக் கதவும் திறந்திருந்தன. நாற்பத்தொரு குச்சி. கை வலிக்க லேபிள் எழுதினேன். நெமானியே ஒவ்வொரு வீடாக முன்னால் நடந்து வந்தார். நடுவில் இரண்டு தரம் நின்று இருமினார். வண்டியில் ஏறியதும் ரோஷிலா கேட்டாள்.

"நேத்து குடிச்சியா?"

"இல்ல, சிஸ்டர்."

"உண்மையா?"

"வேரை வச்சேன், வந்தேன்."

"நல்ல ஆளுய்யா நீ" என்று தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் ரொட்டியும் பருப்பும் எடுத்துக் கொடுத்தாள். நிலையத்துக்கு வந்து, பின்பக்கம் தனியாக உட்கார்ந்து அதைத் தின்றேன்.

வியாழக்கிழமை வைசாகே வீடு. முன்வாசல் மரத்தரையில் சாய்வு நாற்காலியில் கிடந்தான். உனைசி எங்களைப் பார்த்ததும் ஒரு முக்காலியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"வந்துட்டான்யா மூக்குத் திருடன்" என்றான் வைசாகே.

"இவனோட அந்த ஒத்தைக் காலையும் கட்டிப் போட்டுட்டு எடுங்க சிஸ்டர், உதைப்பான்."

"ஒத்தைக் காலானாலும் நேரா நிக்குது. மூட்டை தூக்கித் தூக்கி உனக்கு ரெண்டும் வளைஞ்சு போச்சு. நண்டு மாதிரி நடக்கற. சிஸ்டர், லேபிளைப் படிச்சுப் பாருங்க. போன வாரம் இவன் மூக்கை என் பேர்ல அனுப்பியிருப்பான், அதான் சுத்தமில்லாத மூக்குன்னு லேப்ல திட்டினாங்களாம்."

ரோஷிலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குச்சி என்றால் அவனுக்கு உடம்பு தூக்கிப் போடும். ஆகவே வழக்கம்போல அவன் தலையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பத்து எண்ணி முடிப்பதற்குள் தும்மினான். என் முகக்கவசம் நனைந்துவிட்டது. குழாயை ஒட்டிப் பெட்டியில் வைத்தபின், அங்கேயே நின்று பழையதைக் கழற்றிப் புதியது மாட்டினேன். கழற்றிய நேரம் பார்த்து, "ஐயோ, மூடு மூடு, தங்கச்சி பயந்துடப் போறா" என்றான். நான் அவன் முகத்துக்கு மேலேயே குனிந்து வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு நேரம் இருக்கும்? ஐந்து மூச்சு. ஆறு மூச்சு.

லேபிளில் மணி பத்து இருபது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முடிவுகள் வந்தன. ரோஷிலா முதல் தாளை அச்சடித்து என்னிடம் கொடுத்தாள். வைசாகே, நோய் இல்லை. "போற வழியில குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு நாற்காலி நிச்சயம்" என்றாள். பிறகு, "இரு, வுனிமாங்கோவும் வந்திருக்கு. நான் படிக்கறேன், நீ நோட்டுல ஏத்து" என்றாள்.

நோய் இருக்கிறது என்று பதினொரு பெயர். இரண்டாவது நெமானி. ஐந்தாவது லிவாய். எட்டாவது, பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர். என் கை நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். பேனா எழுதல."

வேறு பேனா கொடுத்தாள். எழுதி முடித்தேன்.

வைசாகே வீட்டுக்கு நடந்தே போனேன். தாள் சட்டைப்பையில் இருந்தது. நல்ல தாள்தான், பொய் எதுவும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை காலை பத்து இருபது வரைக்கும்தான் அதற்குத் தெரியும். பத்து இருபத்தைந்துக்கு நான் அவன் முகத்தின் மேல் குனிந்து சிரித்தது அதில் இல்லை. கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் நாளைக் காலை அவன் போய் உட்காருவான். நான் அவனுக்கு நோயைக் கொடுத்திருந்தால் அந்த அறையில் இருக்கிற இன்னும் ஏழு பேருக்கும் போகும். சொல்லிவிட்டால் நாளைக்கு நாற்காலி இல்லை. செவ்வாயிலிருந்து செவ்வாய் வரை ஏழு நாள் கழுவாத ரத்தம். போன வருடம் புயலின்போது ஆறு நாள் ஆகி, மூச்சு முட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஒரு வேளை எனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அப்போது நான் சும்மா வாயைத் திறந்து அவனைக் கொன்றவன் ஆவேன். இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்ததில் அவன் வீட்டையும் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து வேலிக்கு வெளியே நின்றேன்.

"என்னடா, வேலி போடற வேலை கிடைச்சுதா? உள்ள வா!"

"இங்கயே நிக்கறேன்."

"தாள் வந்துச்சா?"

"வந்துச்சு. இல்லைன்னுதான் வந்திருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு? ஓ, நான் போய்ச் சேருவேன்னு நெனச்சு அழுகைக்குத் தயாரா வந்தியா? கொண்டா இங்க."

சொன்னேன். வேர், லிவாய், சிரட்டை, இரண்டு சுற்று, நெமானியின் பெயர், முகக்கவசம் மாற்றியது எல்லாம். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. உனைசி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

வைசாகே ரொம்ப நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். நான் ஒரு திட்டுக்குக் காத்திருந்தேன். என்னவெல்லாம் சொல்லலாம், குடிகாரன், வாய் அடங்காதவன், எதையாவது.

"நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான்.

முப்பது வருடத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"இல்ல."

"மொதல்ல என்கிட்ட ஏன் வந்தீங்க? நான் பரவாயில்லன்னு சொல்லணும்னா?"

அதற்காகத்தான் வந்திருந்தேன் என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அந்த ரூம்ல எனக்குப் பக்கத்து நாற்காலில டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்க. எனக்கு செய்தித்தாள் படிச்சுக் காட்டுவாங்க" என்றான். பிறகு, "போன் பண்ணுங்க. தாளை நீங்களே வச்சுக்குங்க" என்றான். முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சாலையோரம் நின்று ரோஷிலாவை அழைத்தேன். முழுதாகக் கேட்டாள்.

"நான் கேட்டேனே எப்பேலி."

"ஆமா சிஸ்டர்."

"புதன்கிழமைலேர்ந்து எத்தனை வீடு போயிருக்கோம்? நோட்டு உங்கிட்டதான இருக்கு? படி."

வுனிமாங்கோ போக இன்னும் பதினான்கு வீடுகள். ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தேன். எல்லாம் என் பெரிய எழுத்து, தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்து. படுத்த படுக்கையாக இருக்கிற கிழவர், எட்டு மாதக் கர்ப்பிணி, நடக்க முடியாத அக்கா தங்கை இரண்டு பேர். அவர்களுக்கு நடுவில் வைசாகே. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலையே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். லேபிளையும் பேனாவையும் வேலிக்கட்டையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். என் பெயரை நானே எழுதினேன். குச்சி கண் வரைக்கும் போனது. என் மனைவி கெலேரா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அப்படியே இன்னும் உள்ள விட்டு மூளை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும்.

சனிக்கிழமை வைசாகேவுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. நோய்த் தொடர்பில் இருந்தவர்களை, எல்லோரும் போன பிறகு கடைசியாகத் தனியே வைத்துச் செய்யலாமே என்று ரோஷிலா மையத்தோடு சண்டை போட்டுப் பார்த்தாள். அங்கே ஆள் இல்லை, பாதிப் பேர் தனிமையில் இருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை பார்க்கலாம், அதற்கும் புதிய தாள் வேண்டும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் முடிவு வந்தது. இருக்கிறது. காய்ச்சல்கூட இல்லை, தொண்டை மட்டும் கரகரவென்று இருந்தது. தடுப்பூசி ஒன்று போட்டிருந்தேன், அதனாலோ என்னவோ. போனில் ரோஷிலாவிடம் கேட்டேன்.

"அவங்ககிட்டேர்ந்து எனக்கு வந்துதா, எங்கிட்டேர்ந்து அவங்களுக்குப் போச்சா, சிஸ்டர்?"

"போன திங்கக்கிழமை உனக்கு இல்ல. வெள்ளிக்கிழமை இருக்கு. அவ்வளவுதான் தெரியும். லேப் ஆமா இல்லைன்னு சொல்லும். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு எழுதாது."

அன்று வெயில் தாழ்ந்த நேரம் மறுபடி போன் அடித்தது. வைசாகேயின் எண். எடுத்து, "மச்சான்" என்றேன். பிறகு ஒரு பெண் குரல்.

"அண்ணா."

குரல் தெரியவில்லை எனக்கு. அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. உனைசி.

"கால் வீங்கிடுச்சு. நாக்கு வறளுதுன்னு புலம்பறாரு. பக்கத்து வீட்டுல இளநீர் வெட்டிக் குடுத்திருக்காங்க, தெம்பா இருக்கும்னு. கையில வச்சிருக்கேன். குடுக்கலாமா?"

இங்கே யாருக்கு என்ன வந்தாலும் முதலில் இளநீர்தான். எதைத் தின்னக் கூடாது என்று மையத்தில் கொடுத்த தாள் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தில் அதை நான்தான் அவனுக்கு ஒரு மணி நேரம் படித்துக் காட்டினேன். நான்காவது வரியில் இருக்கிறது. ரத்தம் கழுவாத நாளில் இளநீர் இதயத்தை நிறுத்திவிடும்.

"ஒரு வாய்கூட வேணாம்" என்று கத்திவிட்டேன். தங்கையிடம் முப்பத்தைந்து வருடம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை. "கீழ ஊத்திடு. வாழைப்பழமும் குடுக்காத. துணியத் தண்ணில நனைச்சு உதட்டுல தடவு, போதும். தலையணைய உசத்தி வை. மூச்சு எப்படி இருக்கு?"

"இழுக்குது."

"எண்ணு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிச் சொல்லு."

எண்ணினாள். இருபத்துநான்கு. ரோஷிலாவைக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தேன். முப்பதைத் தாண்டினால் ஆம்புலன்ஸ், அதுவரை இப்படியே. அன்று இருட்டுகிறவரை அரை மணிக்கு ஒரு முறை அவள் எண்ணினாள், நான் ஒரு தாளில் மணியையும் எண்ணையும் எழுதினேன். இருபத்தைந்து. இருபத்துநான்கு. இருபத்தேழு. வேறு ஒரு பேச்சும் இல்லை எங்களுக்குள். கெலேரா பக்கத்து அறையிலிருந்து மரவள்ளிக்கிழங்கைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளிவிட்டுப் போனாள், அது அப்படியே ஆறிப்போனது.

திங்கட்கிழமை வேறு ஒரு குழு போய் வைசாகேயிடம் குச்சி எடுத்தது. செவ்வாய் மதியம் முடிவு வந்தது. இல்லை. அந்தத் தாளோடு அவனை வண்டியில் ஏற்றினார்கள். எட்டு நாற்காலியும் காலியான பிறகு, அங்கி போட்ட ஒரே ஒரு நர்ஸ், அவன் மட்டும். சாயங்காலம் போன் வந்தது. பின்னால் இயந்திரம் உறுமுகிற சத்தம்.

"மூச்சை எண்ணி எழுதறது நிக்கட்டும், கொஞ்சம் கேளு" என்றான். குரல் தேய்ந்திருந்தது. "எட்டு நாற்காலியும் எனக்கே. ராஜா மாதிரி நடுவுல உக்காந்திருக்கேன். உன்னால கிடைச்ச பதவி."

"மச்சான்..."

"பேசாத. நீ பேசினா போன் வழியாகூட வந்துடும்."

வைத்துவிட்டான். நான் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நெமானி மருத்துவமனையில் இறந்தார். ரோஷிலாதான் சொன்னாள். லிவாயும் மற்றவர்களும் தேறிவிட்டார்கள். பதினான்கு வீடுகளில் ஒரே ஒரு வீட்டில்தான் நோய் வந்தது. அந்தக் கிழவருக்கு, அவரும் பிழைத்தார். அது என்னால் வந்ததா என்று நான் கேட்கவில்லை. லேப் எழுதாது.

பதினைந்தாம் நாள் வேலைக்குப் போனேன். ரோஷிலா ஐஸ்பெட்டியை என் கையில் கொடுத்தாள். பேனாவைக் கொடுக்கவில்லை. எழுத வேறு ஒரு பெண் வந்திருந்தாள். அது நியாயம்தான்.

வியாழக்கிழமை வைசாகே வீட்டில் நான் வேலிக்கு வெளியிலேயே நின்றேன். புதுப் பெண்ணே அவன் தலையைப் பிடித்தாள்.

"இந்தக் கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு! இத்தனை நாளா ஒரு காட்டு மாட்டுகிட்ட தலையைக் குடுத்துட்டேன்" என்று என் காதில் விழும்படி சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நெமானி வீட்டுக்குப் போனியா?"

"இன்னும் இல்ல. சனிக்கிழமை போகணும்."

"வேர் வச்சுத்தான் உக்காரணும்."

"தெரியும்."

"கரைப்பாங்க."

"தெரியும்டா."

"உனக்கும் நோய் வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லத்தான் போறேன்."

அவன் கிண்டல் எதையும் சேர்க்கவில்லை. உள்பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். உனைசி வெளியே வந்தாள். என்னைப் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி வேலி வரைக்கும் நடந்து வந்து, கட்டையின் மேல் எதையோ கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

நார் சீவி, உள்ளே வழுவழுவென்று தேய்த்த ஒரு சிரட்டை. புதிது. விளிம்பில் இன்னும் தேங்காய் வாசனை.

"அங்க போய் அடுத்தவன் சிரட்டையைப் புடுங்காத" என்றான் வைசாகே. "உன்னோடதை எடுத்துட்டுப் போ."

நான் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஐஸ்பெட்டியைத் தூக்கினேன். வண்டி அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது.